சப்போரோ பீர் அருங்காட்சியகம்: 1881ஆம் ஆண்டின் பீரை ஒரு குவளையில் குடித்துப் பார்த்தேன்

வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க 1000 யென் என்று நுழைவு மேசையில் இருந்தவர் சொன்னதும், கையில் சில்லறை இல்லாததால் ஒரு 10,000 யென் தாளை நீட்டினேன். அந்தத் தாளில் இருக்கும் முகம் ஷிபுசாவா எய்ச்சி என்னும் தொழிலதிபருடையது. 2024 ஜூலையில் புழக்கத்துக்கு வந்த புதிய தாள் அது. 1887இல் சப்போரோ பீர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது, அடுத்த அரை மணி நேரத்தில் உள்ளே இருந்த படங்களைப் பார்க்கும்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நிறுவனரின் படம் போட்ட தாளைக் கொடுத்து அவருடைய நிறுவனத்தின் வரலாற்றைப் பார்க்க நுழைவது வேறு எந்த நாட்டில் வாய்க்குமோ தெரியவில்லை.

ஜப்பானின் வட கோடித் தீவான ஹொக்கைடோவின் தலைநகர் சப்போரோ. நகரின் கிழக்குப் பகுதியில், டோஹோ சுரங்க ரயில் பாதையின் ஹிகாஷி-குயாக்குஷோ-மாயே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் செங்கல் கட்டடமும் அதன் உயர்ந்த புகைபோக்கியும் கண்ணில் படும். பார்த்தவுடன் பழைய பீர் ஆலை என்றே எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இது 1890இல் சர்க்கரை ஆலையாகக் கட்டப்பட்டது. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் அந்த முயற்சி தோற்றுப்போனதால் 1903இல் சப்போரோ பீர் நிறுவனம் கட்டடத்தை வாங்கி, 1905 முதல் 1965 வரை அறுபது ஆண்டுகள் பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்கும் ஆலையாக அதை நடத்தியது. பக்கத்தில் உணவுக்கூடம் 1966இல் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் 1987இல் வந்தது. ஆகவே இந்தச் சுவர்களுக்குள் பீர் வடித்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. முதல் ஆலை இருந்த இடம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, என் சொந்தக் கவனக்குறைவிலிருந்து பிறந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் பிப்ரவரிப் பனியில் நடந்து வந்து, மூடிய கதவின் முன் நின்றுவிட்டு, கூரை விளிம்பில் ஈட்டிபோல் தொங்கிய பனிக்கூர்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினேன். மறுநாள் மீண்டும் வந்தேன். வழிகாட்டிச் சுற்றுக்கு முன்பதிவு செய்துவிட்டு வருவது உத்தமம். சுற்று ஏறக்குறைய 50 நிமிடம்; விளக்கம் முழுவதும் ஜப்பானிய மொழியில்தான். கட்டணமில்லாமல் தனியாகவும் சுற்றிப் பார்க்கலாம் என்றாலும், 1000 யென் கொடுப்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. அது கடைசியில் குவளையில் வருகிறது.

சுற்று ஒரு குறும்படத்தில் தொடங்குகிறது. அதன்பின், பீர் காய்ச்சப் பயன்பட்ட பிரம்மாண்டமான செப்புக் கொப்பரையை வளைத்துக்கொண்டு இறங்கும் பாதையில் நடத்திச் செல்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது கவிழ்த்து வைத்த கோயில் மணிபோலத் தெரிந்தது. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அதற்குள் ஒரு சிறிய வீட்டையே வைத்துவிடலாம் என்று புரிந்தது. அதற்குக் கீழே, இரண்டாம் தளத்தில், நிறுவனத்தின் வரலாறு தொடங்குகிறது.

இந்த வரலாற்றின் முதல் பகுதியை அருங்காட்சியகம் சிறப்பாகச் சொல்கிறது என்பது என் முடிவு. பெரும்பாலான பீர் நிறுவனங்களின் கதை, ஏதோ ஓர் ஊரில் ஒரு தனி மனிதர் கொப்பரை வைத்ததில் தொடங்கும். சப்போரோவின் கதை ஓர் அரசுத் துறையின் கோப்பில் தொடங்குகிறது. மெய்ஜி பேரரசரின் அரசு 1869இல் வட தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் சூட்டி, அங்கே குடியேற்றத்தையும் விவசாயத்தையும் வளர்ப்பதற்காகக் 'கைத்தகுஷி' என்ற துறையை அமைத்தது. வெளிநாட்டு நிபுணர்கள் பலர் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஆன்டிசெல், இவானாய் என்ற பகுதியில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி காடாக வளர்ந்திருப்பதைக் கண்டு, அதைப் பயிரிடலாம் என்று பரிந்துரைத்தார். பார்லி விளையும், ஹாப்ஸ் விளையும், குளிருக்குப் பஞ்சமில்லை. விளைந்ததை வாங்கிக்கொள்ள ஓர் ஆலை இருந்தால் குடியேறிய விவசாயி நிலைத்து நிற்பான். பீர் இங்கே விவசாயக் கொள்கையின் ஒரு பகுதியாகவே பிறந்தது.

ஆனால் அந்த ஆலையை டோக்கியோவில் கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். அங்கே துறைக்குச் சொந்தமான சோதனைப் பண்ணை இருந்தது. அங்கே கட்டிப் பார்த்து, வெற்றி பெற்றால் வடக்கே கொண்டுபோகலாம் என்பது மேலிடத்தின் யோசனை. பொறுப்பிலிருந்த முராஹாஷி ஹிசானாரி அதை எதிர்த்து மனு எழுதினார். ஜெர்மானிய முறையில் பீர் வடிக்கக் குளிரும் பனிக்கட்டியும் வேண்டும், அவை ஹொக்கைடோவில்தான் தாராளமாகக் கிடைக்கும், பிறகு எதற்காக இரண்டு முறை ஆலை கட்டிச் செலவழிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். தெற்கு ஜப்பானில் ஒரு பிரபுவின் ஆட்சியிலிருந்த சட்சுமா பகுதியிலிருந்து 1865இல், நாட்டை விட்டு வெளியேறுவதே குற்றமாயிருந்த காலத்தில், இரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். மனு ஏற்கப்பட்டது. 1876 செப்டம்பர் 23 அன்று சப்போரோவில் ஆலை திறக்கப்பட்டது. அன்றைய திறப்பு விழாவில் அடுக்கி வைத்த பீப்பாய்களின் மறு உருவத்தை இப்போதும் அருங்காட்சியகத்தின் வெளியே வைத்திருக்கிறார்கள். அவற்றில் வெள்ளை எழுத்தில், ஒரு பீப்பாய்க்கு ஓர் எழுத்தாக, 'வாற்கோதுமையையும் ஹாப்ஸையும் பக்குவம் செய்தால் பீர் என்னும் மது ஆகும்' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. பீர் என்றால் என்னவென்றே அறியாத மக்களுக்கு அரசு கொடுத்த விளக்கம் அது. இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை இன்றுவரை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை.

ஆலையின் முதல் தலைமை வடிப்பாளர் நாகாகாவா செய்பெய். இவரும் 1865இல், பதின்பருவத்தில், சட்டத்தை மீறி இங்கிலாந்துக்குப் போனவர். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினுக்கு அருகிலுள்ள ஃபூர்ஸ்டன்வால்டே என்ற ஊரின் பீர் ஆலையில் 1873 முதல் 1875 வரை தொழில் கற்றார். கற்றதற்கு அத்தாட்சியாகக் கொடுத்த சான்றிதழ் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அவர் வடித்த பீர் 1877இல் 'சப்போரோ ரெய்செய் பீர்' என்ற பெயரில் டோக்கியோவுக்குப் போனது. 'ரெய்செய்' என்றால் குளிரில் செய்தது என்று பொருள். சூடாக்கிப் பதப்படுத்தாத பீர் என்பதால் வழி நெடுகப் பனிக்கட்டியின் துணையோடுதான் கப்பலில் போக வேண்டும். பெயரிலேயே செய்முறையும், செய்முறையிலேயே அதன் பலவீனமும் இருந்தன. முத்திரையாகத் துறையின் கொடியில் இருந்த துருவ நட்சத்திரத்தையே, சிவப்பு ஐந்து முனை நட்சத்திரமாகப் புட்டியில் ஒட்டினார்கள். அந்த நட்சத்திரம் இன்று தங்க நிறத்தில் நிறுவனத்தின் 'பிளாக் லேபிள்' என்ற பீரின் குவளையிலும், சிவப்பாகவே சப்போரோ லாகர் புட்டியிலும் இருக்கிறது. குடிப்பவர்கள் பின்னதை 'அகாபோஷி', அதாவது சிவப்பு நட்சத்திரம் என்றே கேட்டு வாங்குகிறார்கள். நகரின் பழைய அரசு அலுவலகக் கட்டடத்திலும் மணிக்கூண்டுக் கட்டடத்திலும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பீர் நிறுவனம் ஊர் முழுக்க விளம்பரம் செய்திருக்கிறதே என்று நினைத்த பயணிகள் இருப்பார்கள். அது தலைகீழ், நிறுவனம்தான் அரசின் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டது.

1881ஆம் ஆண்டுக்கு வருவோம், ஏனென்றால் நான் குடித்த பீர் அந்த ஆண்டினுடையது. கைத்தகுஷியின் தலைவர் குரோடா கியோடாக்கா, துறையின் காலம் முடியவிருந்த நிலையில், சுமார் 1 கோடியே 40 லட்சம் யென் செலவில் உருவான அரசுச் சொத்துக்களை, ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் யென்னுக்கு, வட்டியில்லாமல் 30 ஆண்டுத் தவணையில், தன் சொந்தப் பகுதியான சட்சுமாவைச் சேர்ந்த வணிகர் கோடாய் டோமோஅட்சுவின் தரப்புக்குக் கொடுக்க முனைந்தார். செய்தி வெளியே கசிந்ததும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. விற்பனை இரத்தாயிற்று; விற்பனையை எதிர்த்த மூத்த அரசுத் தலைவர் ஓக்குமா ஷிகெனோபு அரசிலிருந்து வெளியேற்றப்பட்டார்; 1890க்குள் நாடாளுமன்றம் அமைக்கப்படும் என்று பேரரசர் பெயரால் உறுதிமொழி வந்தது. ஜப்பானிய அரசமைப்பு வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றான இந்த விவகாரத்தில் ஒரு பீர் ஆலையும் கட்டிப்போட்ட சாமான்களில் ஒன்றாகக் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். முராஹாஷி அதே ஆண்டில் பதவியை விட்டு விலகினார். பின்னாளில் அவர் நாடோடியாகத் திரிந்து, 1892இல் கோபே நகரச் சாலையோரத்தில் விழுந்து கிடந்து இறந்தார். திறமையான மனு ஒன்றை எழுதி ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றிய அதிகாரிக்கு அத்தகைய முடிவு. இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றதால் வழிகாட்டியையும் மற்றவர்களையும் தேடி ஓட வேண்டியதாயிற்று.

துறை 1882இல் கலைக்கப்பட்டது. 1886இல் வணிகர் ஓக்குரா கிஹாச்சிரோ ஆலையை வாங்கினார். மறு ஆண்டில் ஷிபுசாவாவும் இன்னொரு தொழிலதிபரான அசானோ சோய்ச்சிரோவும் அவரோடு சேர, சப்போரோ பீர் நிறுவனம் பிறந்தது. தனியார் கைக்கு வந்ததும் மாக்ஸ் போல்மன் என்ற ஜெர்மானியர் தொழில்நுட்பப் பொறுப்புக்கு வந்தார். சூடாக்கிப் பதப்படுத்தும் முறையும் வந்தது. பனிக்கட்டியை நம்பியிருந்த நாகாகாவாவின் கை மெல்ல ஓரம் கட்டப்பட்டது. அவர் 1891இல் விலகி, அருகிலுள்ள துறைமுக நகரமான ஓட்டாருவில் விடுதி நடத்தப் போனார்.

இதற்குப் பிந்திய காலம் என் பார்வையில் இன்னும் விரிவாகச் சொல்லத்தக்கது. ஒரு வளாகத்தின் ஒரு தளத்தில் எல்லாவற்றையும் அடக்க முடியாதுதான். ஆனால் வணிக வரலாற்றில் ஆர்வமுள்ளவர் படித்துக்கொண்டு வந்தால் பயன் அதிகம். போட்டியில் விலை விழுந்து எல்லோரும் நட்டப்படும் நிலை வந்தபோது, 1906இல் சப்போரோ, டோக்கியோவின் எபிசு பீரை வடித்த நிறுவனம், ஒசாக்காவின் அசாஹி பீரை வடித்த நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து 'தாய் நிப்போன் பீர்' ஆயின. மாகோஷி கியோஹெய் தலைவரானார். நாட்டின் சந்தையில் சுமார் 70 விழுக்காடு அந்த ஒரே நிறுவனத்தின் கையில். போர்க்காலத்தில், 1943இல், வணிகப் பெயர்களே ஒழிக்கப்பட்டு எல்லாப் புட்டியிலும் வெறுமனே 'பீர்' என்று அச்சிட்டார்கள். போருக்குப் பிறகு, பொருளாதார அதிகாரம் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்கும் சட்டத்தின்படி 1949இல் அந்நிறுவனம் இரண்டாகப் பிளக்கப்பட்டது: மேற்கே அசாஹி, கிழக்கே நிப்போன் பீர். அதாவது இன்று அங்காடித் தட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் சப்போரோவும் அசாஹியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிளவுக்குப் பின் நடந்தது ஒரு பெயர்ப் பிழை. சப்போரோ, எபிசு என்ற புகழ்பெற்ற இரண்டு பெயர்கள் கையிலிருந்தும், புதிய காலத்துக்குப் புதிய பெயர் என்று 'நிப்போன் பீர்' என்ற ஒற்றைப் பெயரில் விற்றார்கள். குடிப்பவன் மனத்தில் அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. பழைய பெயரை விடாமல் வைத்திருந்த போட்டி நிறுவனமான கிரின் 1954இல் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹொக்கைடோவில் 1956இல் பழைய பெயரை மீட்டார்கள். அடுத்த ஆண்டு நாடு முழுவதும் சப்போரோ திரும்பியது. 1964இல் நிறுவனமே சப்போரோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இழந்த முதலிடம் மட்டும் திரும்பவில்லை. இன்று ஜப்பானின் நான்கு பெரிய பீர் நிறுவனங்களில் இது கடைசி. எபிசு 1971இல், அரிசி போன்ற வேறு தானியம் கலக்காத முழு மால்ட் பீராக மறுபிறவி எடுத்தது. டோக்கியோவில் அந்தப் பெயரில் உள்ள ரயில் நிலையம், 1901இல் பீர்ப் பெட்டிகளை ஏற்றுவதற்காக அமைத்த சரக்கு நிலையமாகத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலையத்தின் பெயர் பீரிலிருந்து வந்தது. பிறகு அந்த வட்டாரமே அந்தப் பெயரைப் பெற்றது.

சுவர் முழுவதும் தொங்கும் பழைய சுவரொட்டிகளை விரைந்து கடந்துவிட வேண்டாம். கிமோனோ அணிந்த பெண்கள் கையில் குவளையோடு நிற்கும் மெய்ஜி, தைஷோ பேரரசர்களின் காலத்து அச்சுப் படங்கள் அவை. ஒரு காலத்தில் அந்நியமாயிருந்த பானத்தை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவருவதற்கு எவ்வளவு நளினமாக முயன்றிருக்கிறார்கள் என்பதை அவற்றில் காணலாம்.

இப்போது குவளைகள். கீழ்த்தளக் கூடத்தில் நீண்ட மேசையில் உட்கார வைத்து இரண்டு குவளைகளை அருகருகே வைக்கிறார்கள். ஒன்று இன்றைய பிளாக் லேபிள். மற்றொன்று 1881ஆம் ஆண்டுச் செய்முறையைப் பின்பற்றி வடித்த மறு உருவாக்கம். இது வழிகாட்டிச் சுற்றில் வருபவர்களுக்குத்தான். நிறத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உடனே தெரிகிறது. பிளாக் லேபிள் தெளிந்த பொன். பழையது சற்றே மங்கலான தேன் நிறம். முதல் வாயில் பழையது கனமாக இருந்தது. ரொட்டியின் ஓரக் கருகலைப் போன்ற மால்ட் வாசம் முன்னால் வருகிறது. கசப்பு தாமதமாக வந்து, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து பிளாக் லேபிளைக் குடித்தால், அதில் ஏதோ குறைவதுபோல் முதலில் தோன்றி, அரைக் குவளை முடிவதற்குள் அந்தக் குறைவுதான் அதன் திறமை என்று புரிகிறது. எந்த முனையும் துருத்தாமல், சோற்றோடும் மீனோடும் ஒத்துப்போக நூறாண்டு காலம் தேய்த்து மழமழப்பாக்கிய சுவை அது. வெயில் நாளில் எனக்கு வேண்டியது பிளாக் லேபிள். ஆனால் இன்னொரு குவளை இலவசம் என்று அன்று சொல்லியிருந்தால் பழையதைத்தான் கேட்டிருப்பேன்.

டப்பாவிலிருந்து பீரை ஊற்றும் முறையை வழிகாட்டி செய்து காட்டினார். முதலில் உயரத்திலிருந்து வேகமாக ஊற்றிப் பாதிக் குவளைக்கு நுரை எழுப்புகிறார். நுரையின் பெரிய குமிழிகள் உடைந்து அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பிறகு ஓரமாக மெதுவாக ஊற்றி நுரையை விளிம்புவரை உயர்த்துகிறார். மறுபடியும் பொறுத்து, மூன்றாம் முறை சொட்டுச் சொட்டாக ஊற்ற, நுரை விளிம்புக்கு மேலே குவிந்து, சிந்தாமல் நிற்கிறது. நம்மூர் வடிகாபி ஆற்றுபவரின் கணக்கு அதில் இருந்தது. சுத்தமான குவளையில் இப்படி ஊற்றிய பீரை ஒவ்வொரு வாயாகக் குடிக்கும்போது, வாய்க்கு ஒன்றாக நுரை வளையங்கள் கண்ணாடியில் படிந்து நிற்கின்றன. என் குவளையில் ஏழு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரின் குவளையில் நான்கே இருந்ததைப் பார்த்துச் சற்று வெட்கப்பட்டேன்.

குடிக்காதவர்களுக்கும் வாகனம் ஓட்டி வந்தவர்களுக்கும் மது கலவாத பானம் தருகிறார்கள். ஜப்பானில் மது அருந்தும் வயது 20. பக்கத்து உணவுக்கூடத்தின் பெருமை 'ஜிங்கிஸ்கான்' என்ற ஆட்டிறைச்சி வறுவல். குமிழ்போல் புடைத்த இரும்புத் தட்டில் இறைச்சியை மேலேயும் காய்களை ஓரத்திலும் வைத்து நாமே வாட்டிச் சாப்பிட வேண்டும். கொழுப்பு வடிந்து காய்களின்மேல்தான் இறங்கும் என்பதால், சைவ உணவுக்காரர்கள் ஓரத்துக் காய்களை நம்பி உள்ளே போக வேண்டாம். வேறிடத்தில் சாப்பிட்டுவிட்டு வருவதே மேல்.

முதல் ஆலை இருந்த இடத்தையும் பார்க்க விரும்புவோர், அருங்காட்சியகத்திலிருந்து நகர மையத்துக்குத் திரும்பும் வழியில் 'சப்போரோ ஃபாக்டரி' என்ற வணிக வளாகத்தில் இறங்கலாம். ஆலை 1989இல் மூடப்பட்டு, 1993இல் அவ்விடம் வளாகமாயிற்று. செங்கல் கட்டடமும் புகைபோக்கியும் மட்டும் கடைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கின்றன. எபிசுவின் கதைக்கு டோக்கியோவில் 2024இல் திறந்த, பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கக்கூடிய பீர் ஆலையான எபிசு பிரூவரி டோக்கியோ உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வெறும் நிலத்தைப் பண்படுத்திய' கதையாக ஹொக்கைடோவின் குடியேற்றம் பேசப்படும்போதெல்லாம், அந்த நிலம் அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பூர்வகுடிகளான ஐனு மக்களுடையது என்பது பின்னால் போய்விடுகிறது. சப்போரோ என்ற பெயரே ஐனு மொழிச் சொல். ஒரு நாள் மிச்சமிருந்தால் ஷிராவோய் ஊரில் 2020இல் திறந்த உபோபோய் தேசிய ஐனு அருங்காட்சியகத்துக்கும் போய்வருவது இந்தக் கதையின் மறுபாதியைக் கேட்பதாகும்.

ஊருக்கு எதை வாங்கிப் போவது என்று கேட்டால், பிளாக் லேபிள் எங்கும் கிடைக்கும். 1985 முதல் ஹொக்கைடோவில் மட்டுமே விற்பனைக்கு என்று வடிக்கும் முழு மால்ட் பீரான 'சப்போரோ கிளாசிக்'கைத்தான் சொல்வேன். அருங்காட்சியகக் கடையிலும் வைத்திருக்கிறார்கள். நான் கடையில் நட்சத்திரம் பதித்த கண்ணாடிக் குவளை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, கிளாசிக் ஆறு டப்பாக்களை விடுதிக்குப் பக்கத்து மளிகைக் கடையில் வாங்கினேன். பனியில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டிய பாடு மிச்சமாயிற்று.